கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

போன மாதம் எனக்கு ஒரு தபால் வந்தது. என் வீட்டுக்காரர் அடிபட்ட சாலை விபத்து பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் கேட்டிருந்த நான்கு கேள்விகளுக்கு, உங்கள் மாவட்டத்துக் காவல் நிலையம் ஒன்று அனுப்பிய பதில். என் மூன்றாவது கேள்வி இது: ‘விபத்து நடந்து பத்து நாளுக்குள், பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் 2 எங்களுக்குக் கொடுக்கப்பட்டதா? கொடுத்திருந்தால் யாரிடம், எந்தத் தேதியில்?’ பதில் ஒரே வரி. ‘மனுதாரர் தரப்பில் கோரப்படாததால் வழங்கப்படவில்லை.’

நேரில் வந்து மனு கொடுத்தால் ஒரு ரசீது கொடுத்துவிட்டு, மனுவை அதே நிலையத்துக்கு ‘உரிய நடவடிக்கைக்கு’ அனுப்புவீர்கள் என்று தெரியும். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். என் மையத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் பெயர் பதிந்தால் அவளுக்குச் சத்துமாவு கொடுப்பது என் வேலை. அவள் வந்து கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. வரவில்லையென்றால் நான்தான் வீடு தேடிப் போக வேண்டும். ‘பயனாளி கோராததால் வழங்கப்படவில்லை’ என்று ஒரே ஒரு மாதம் பதிவேட்டில் எழுதினால் எனக்கு என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரியும். ஒரு சத்துமாவுப் பாக்கெட்டுக்கு இருக்கிற கெடுபிடி, தொடை எலும்பு முறிந்து கிடப்பவருக்குக் கொடுக்க வேண்டிய தாளுக்கு ஏன் இல்லை?

2023 அக்டோபரில் நடந்தது. மாலை ஆறரை மணி இருக்கும். என் வீட்டுக்காரர் கொத்தனார், அப்போது வயது 38. வேலை முடித்து டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்துகொண்டிருந்தவரை, பைபாஸ் பிரிவில் இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய சரக்கு வேன் இடித்தது. ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார். அது அவர் தப்புதான், மறைக்கவில்லை. தலை தப்பியது. வலது தொடை எலும்பும் முட்டியும் போயின. சாக்குப்பையில் இருந்த கரண்டியும் ரசமட்டமும் ரோட்டில் சிதறிவிட்டன. தூக்குக்குண்டை மட்டும் ஓர் ஆட்டோக்காரர் பொறுக்கிவந்து என் கையில் கொடுத்தார். அவர்தான் மருத்துவமனைக்கும் தூக்கிவந்தவர்.

குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அந்த இரண்டு நாளும் அரசாங்கம் எங்கள் பக்கத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் காணாமல் போனது.

அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் ஏ.ஆர். எழுதினார், அதாவது விபத்துப் பதிவேடு. ஆட்டோக்காரர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க’ என்று சொல்லியிருக்கிறார். அதுவே அதில் ஏறியது. வேன் என்ற சொல்லே அதில் கிடையாது. அந்த ஆட்டோக்காரரை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, விபத்து இழப்பீட்டு வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில், காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, ‘வேன் இடித்ததாக இதில் எங்கே இருக்கிறது? தானாக விழுந்துவிட்டுப் பணத்துக்காக வேனைக் கொண்டுவந்து சேர்த்தீர்களா?’ என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் பதில் சொல்லத் தெரியாமல் நின்றார். இருபது வருடம் மற்றவர்களுக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்த மனிதர். கூண்டில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் நாள் வார்டுக்கு ஒருவர் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். ‘அக்கா, நஷ்டஈடு வாங்கிடலாம். நீங்க எங்கேயும் அலைய வேண்டாம். இதில் கையெழுத்து மட்டும் போடுங்க, வர்றதில் மூணில் ஒரு பங்கு எங்களுக்கு’ என்றார். கையில் நான்கைந்து வெள்ளைத் தாள், ஒரு வக்காலத்து. இதில் என்னை உலுக்கியது அந்தப் பங்குக் கணக்கு அல்ல. வேனின் நம்பர் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த நிறுவனத்தில் இன்சூரன்ஸ் என்பதும் தெரிந்திருந்தது. எனக்கு அப்போது அந்த வேன் என்ன நிறம் என்றுகூடத் தெரியாது!

நல்லவேளையாக நான் கையெழுத்துப் போடவில்லை. ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று ஒரு வழக்கறிஞர் கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் நியாயமாகப் பேசினால், இழப்பீடு என்று ஒன்று கேட்கலாம் என்ற சேதியே எனக்கு அந்தப் புரோக்கர் வாயிலிருந்துதான் வந்தது. சட்டம் உங்கள் விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்த வேலையை அவர் முந்திக்கொண்டு செய்துவிட்டார். உங்கள் ஆட்களிடம் இருந்து மட்டுமே வெளியே போயிருக்கக்கூடிய தகவலை வைத்துக்கொண்டு.

என்ன சட்டம் என்று நீங்கள் என்னிடம் கேட்க மாட்டீர்கள். ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தங்களில் இழப்பீடு பற்றியவை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விசாரணை அதிகாரி எந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்று கூடவே விதிகளும் வந்தன. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும். பத்து நாளுக்குள் பாதிக்கப்பட்டவர் கையில் படிவம் 2. ஐம்பது நாளில் இடைக்கால அறிக்கை. அறுபது நாளுக்குள் பாதிக்கப்பட்டவர் தன் வயது, தொழில், வருமானம், மருத்துவச் செலவு எல்லாம் எழுதிக் கொடுக்கப் படிவம் 6. தொண்ணூறு நாளில் விரிவான விபத்து அறிக்கை. அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 166-வது பிரிவு. அதாவது போலீஸ் தன் வேலையைச் செய்தாலே எங்கள் வழக்கு தானாகத் தீர்ப்பாயத்தின் மேசைக்குப் போய்விடும். 2022 டிசம்பர் 15 அன்று கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் கட்டாயமாகப் பின்பற்றச் சொல்லி, விபத்து இழப்பீட்டு வழக்குகளைக் கவனிக்கக் காவல் நிலையங்களில் தனிப் பிரிவு அமைக்க மூன்று மாதம் கெடுவும் கொடுத்தது. என் வீட்டுக்காரர் அடிபட்டது அதற்குப் பத்து மாதம் கழித்து.

இதில் எங்கேயும் ‘கேட்டால்’ என்ற சொல் இல்லை. இருக்கவும் முடியாது. அப்படி ஒரு தாள் இருக்கிறது என்பதைச் சொல்லவே அந்தத் தாள். அது கைக்கு வராதவர் அதை எப்படிக் கேட்பார்?

சரி, நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புகார் கொடுத்தது என் கொழுந்தனார். அவர் விபத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தில் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு, ‘மேலே நாங்க எழுதிக்கிறோம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு எப்.ஐ.ஆரைப் படித்தபோது அதில் என் வீட்டுக்காரரின் தொழில் ‘கூலி’. பிரிவுகள் 279, 337. இந்த எண்கள் எனக்கு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. 337 என்றால் சாதாரணக் காயம், 338 என்றால் கொடுங்காயம்; எலும்பு முறிந்தாலே கொடுங்காயம்தான் என்று அன்றைய தண்டனைச் சட்டம் 320-வது பிரிவில் சொல்லியிருந்தது. தொடைக்குள் பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கிய காலை எக்ஸ்ரேயில் எந்தப் பிள்ளையும் பார்த்துச் சொல்லிவிடும். டிஸ்சார்ஜ் ஆன பிறகும், காயச் சான்றிதழ் நிலையத்துக்குப் போன பிறகும், அந்தப் பிரிவை யாரும் மாற்றவில்லை. யார் தப்பு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவின் பக்கம் நாங்கள் போவதாக இருந்தால், இந்த ஒரு எண்ணைக் காட்டியே எதிர்த்தரப்பு எங்களை அலைக்கழித்திருக்கும்.

அந்த ‘கூலி’ என்ற சொல்லுக்கு என்ன விலை என்று எங்கள் வழக்கறிஞர் அம்மா ஒரு நாள் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார். வயது 38 என்றால், உச்ச நீதிமன்றத்தின் சர்லா வர்மா தீர்ப்பின்படி மல்டிப்ளையர், அதாவது வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 15. சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே என்றால் வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். அது உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பு. கொத்தனார் என்று ஏற்றுக்கொண்டு மாதம் 22,000 என்று வைத்தால், 40 சதவீதம் சேர்த்து 30,800. வருடத்துக்கு 3,69,600. பதினைந்தால் பெருக்கி, சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று வைத்துக்கொண்டால் 16,63,200. அதே மனிதர் ‘கூலி’ ஆகி, மாத வருமானம் 12,000 என்று முடிவானால் 9,07,200. வித்தியாசம் 7,56,000 ரூபாய். எங்களுக்கு இதில் எது கிடைக்கும், எதுவுமே கிடைக்குமா என்பது தீர்ப்பாயம் சொல்ல வேண்டியது. வழக்கு நடக்கும்போது அதைப் பற்றி நான் பேசக்கூடாது. ஆனால் இரண்டெழுத்தில் ஒரு சொல்லை எழுதுவதற்கு முன்னால் உங்கள் ரைட்டர் ‘என்ன வேலைம்மா செய்றார்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊனத்தின் சதவீதம் வேறு, தொழில் போன சதவீதம் வேறு. ராஜ்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: இடது கையை இழந்த டிரைவரோ தச்சரோ தன் தொழிலையே இழக்கிறார், அதே கையை இழந்த எழுத்தர் தொடர்ந்து வேலை பார்க்கலாம். என் வீட்டுக்காரர் இன்றைக்கு நடக்கிறார். தெருவில் பார்த்தால் லேசாகச் சாய்ந்து நடக்கிறார் என்று மட்டும்தான் தெரியும். ஆனால் சாரம் ஏற முடியாது. குத்துக்காலிட்டு உட்கார முடியாது. அது முடியாதவரை டைல்ஸ் வேலைக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். இப்போது மேஸ்திரி ஒருவரிடம் சிமெண்ட் மூட்டைக் கணக்கு எழுதுகிறார், பாதிச் சம்பளத்துக்கு. இதையெல்லாம் தீர்ப்பாயத்துக்குச் சொல்ல முதல் இடமே படிவம் 6-தான். அதுவும் எங்களுக்கு வரவில்லை.

அந்தப் படிவம் வராததில் போனது இன்னொன்று. தனியார் மருத்துவமனையில் அடுத்து ஆன செலவுக்கும் மருந்துக்கும் நான் ஒரு பில்லையும் விடாமல் மஞ்சப்பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். பதிவேடு எழுதிப் பழகிய கை, அதனால் தேதி வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தேன். வழக்கறிஞர் கேட்டபோது அவிழ்த்தால் மருந்துக்கடை பில்களில் பாதி வெறும் வெள்ளைத் தாள். இயந்திரத்தில் சூட்டால் அச்சாகும் அந்தப் பளபளப்புத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மாத்திரைப் பெயர் மட்டும் நிழல் மாதிரி தெரிந்தது, தொகை தெரியவில்லை. அறுபது நாளுக்குள் ஒரு படிவம் வந்திருந்தால் அவற்றை அப்போதே நகல் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

நிலையத்துக்கு நான் ஐந்து தடவை போனேன். ஐந்து தடவையும் ஒரே பதில்: ‘கேஸ் முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்.’ கிரிமினல் வழக்கு முடிந்த பிறகுதான் நஷ்டஈடு கேட்க முடியும் என்று நான் நம்பினேன். படித்தவள்தான், பிளஸ் டூ பாஸ். போலீஸ் நிலையத்தில் சொல்வதை நம்பாமல் வேறு யாரை நம்புவது? எங்கள் மையத்துக்குக் குழந்தையை விட வரும் ஒரு தாய், நீதிமன்றத்தில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறாள். அவள்தான் தற்செயலாகக் கேட்டாள்: ‘எம்.சி.ஓ.பி. போட்டாச்சா அக்கா? ஆறு மாசத்துக்குள்ள போடணுமே.’ எம்.சி.ஓ.பி. என்றால் தீர்ப்பாயத்தில் போடும் இழப்பீட்டு மனு. அன்றைக்கே காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். 19 நாள் பாக்கி இருந்தது.

அந்த ஆறு மாதக் கெடு நியாயமா என்று உச்ச நீதிமன்றத்திலேயே வழக்குகள் இருக்கின்றன. அதெல்லாம் இருக்கட்டும். 2024 ஏப்ரலில் எங்களுக்கு அது கழுத்தில் கத்தி. சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஓடினேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதும் கிடையாது, நாங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மனு போட எப்.ஐ.ஆர்., விபத்து நடந்த இடத்தின் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளரின் எம்.வி.ஐ. ரிப்போர்ட் வேண்டும். அவற்றை வாங்க நிலையத்தில் ‘டீ செலவு’ என்று என்ன கொடுத்தோம் என்பதை எழுதி யாரையும் மாட்டிவிட விருப்பமில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விபத்து வழக்கு ஆவணங்களைக் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பதும் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து, திருவிழா, வி.ஐ.பி. வருகை. உண்மைதான். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரி ஓட வேண்டும் என்றால் முடியாதுதான். ஆனால் விபத்து நடந்த மறுநாளே ஒரு காவலர் செல்போனோடு வந்து, செயலியில் இடத்தைப் படம் எடுத்து ஏற்றிவிட்டுப் போனார் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். விபத்து விவரங்களைக் கம்ப்யூட்டரில் சேர்க்கும் மத்திய அரசின் அந்த ஐராட் திட்டம் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு ஒரே நாளில் தகவல் போகிறது. வார்டில் படுத்திருப்பவருக்குப் பத்து நாளில் ஒரு தாள் போகாது. இதை ஆள் பற்றாக்குறை என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் இந்த மாவட்டத்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. எங்களுக்கு இது நடந்தபோது உங்கள் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். ஆனால் ‘கோரப்படாததால்’ என்ற பதில் போன மாதம் வந்தது, உங்கள் காலத்தில். அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன்.

அந்தப் பதிலை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். கொடுக்கத் தவறிவிட்டோம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். நான் கேட்கவில்லை என்று பழியை என் மேல் போடாதீர்கள்.

படிவம் 2-ஐத் தமிழில் அச்சடித்து, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் புறக்காவல் நிலையத்திலேயே கட்டாக வையுங்கள். அதன் மேல் பேனாவால் நான்கு விஷயம் எழுதினால் போதும்: எப்.ஐ.ஆர். எண், விசாரணை அதிகாரியின் பெயரும் போன் நம்பரும், எதிர் வாகனத்தின் நம்பரும் காப்பீட்டு நிறுவனமும், ஆறு மாதம் முடியும் தேதி. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியை அச்சிலேயே போட்டுவிடலாம். வாங்கியவரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கி வழக்குக் கோப்பில் வையுங்கள். படிவம் 6-ஐயும் அதோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

அடிபட்டவர் பேசும் நிலைக்கு வந்ததும் அவர் வாக்குமூலத்தை அவரிடமே போய்ப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தொழிலைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கொத்தனார், பெயிண்டர், தையல்காரர், பூக்காரி என்று. காயச் சான்றிதழ் வந்த ஒரு வாரத்தில் பிரிவு சரியாக இருக்கிறதா என்று ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, எலும்பு முறிவு மாறவில்லை.

உங்கள் மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் கொலை, கொள்ளைக்குப் பிறகு ஒரு பட்டியலைக் கேளுங்கள். இந்த மாதம் நிலையத்துக்கு எத்தனை விபத்து வழக்கு, எத்தனை பேருக்குப் படிவம் 2 போனது, 90 நாளில் எத்தனை விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு நிலையத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வழக்கில் அந்த வேனின் நம்பரும் இன்சூரன்ஸ் விவரமும் மூன்றாம் நாளே ஒரு புரோக்கர் கைக்கு எப்படிப் போனது என்று விசாரியுங்கள். அந்த நாளில் புறக்காவல் நிலையத்திலும் காவல் நிலையத்திலும் பணியில் இருந்தவர்களை உங்களுக்குத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. அவர் கொடுத்த விசிட்டிங் கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அது சாதாரண அட்டை, எழுத்து மங்கவில்லை.

கடைசியாக, எங்கள் விபத்துக்கான விரிவான அறிக்கை இன்றுவரை தீர்ப்பாயத்துக்குப் போகவில்லை. தொண்ணூறு நாளில் போயிருக்க வேண்டியது. அடுத்த வாய்தாவுக்கு முன் அதைத் தாக்கல் செய்ய உத்தரவிட்டு, அதன் நகலோடு முப்பது நாளுக்குள் எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இந்த மடலின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கேட்கவில்லைதான்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்